பாலையில் ஒரு கலுங்கு

ஐந்திணையில் பாலைக்கு மட்டும் சொந்தமாக நிலம் கிடையாது. தொல்காப்பியம் மற்ற நான்கு திணைகளுக்கும் நிலமும் தெய்வமும் வகுத்துக் கொடுத்துவிட்டு, பாலையை நடுவுநிலைத் திணை என்று அழைத்து, நண்பகலையும் வேனிலையும் மட்டும் அதன் கையில் தந்து அனுப்பிவிடுகிறது. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையில் தம் இயல்பு திரிந்து கொள்ளும் வடிவமே பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். வகுப்பறையில் ஆண்டுதோறும் சொல்லப்படுவதுதான், மாணவர்களும் எழுதிக்கொள்வார்கள். பிரிவதற்கு நிலம் எதற்கு என்று ஒரு மாணவி ஒருமுறை கேட்டாள். அந்தக் கேள்வி நினைவில் இருக்கிறது. சொல்லப்பட்ட விடை நினைவில் இல்லை.

இப்போது நாங்கள் குடியிருப்பது நிலமுள்ள பாலையில். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மெக்சிகோ எல்லைக்கு ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது டூசான் நகரம். சுற்றியிருப்பது சொனோரன் பாலைவனம். மணற்குன்றையும் ஒட்டகத்தையும் எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். இது முள்ளோடு கூடிய பச்சை எங்கும் படர்ந்த பாலைவனம். குளிர்காலத்தில் ஒரு மழை, ஜூலை முதல் செப்டம்பர் வரை இடியோடு ஒரு மழை, இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 270 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்யும். நாங்கள் பிறந்த சிவகங்கைச் சீமையில் பெய்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. வறண்ட சீமை என்று பெண் கொடுக்கத் தயங்குவார்களே, அந்தச் சிவகங்கையில்!

எங்களில் ஒருவர் தமிழ் முதுகலை படித்துப் பதினாறு ஆண்டு கல்லூரியில் பாடம் நடத்தியவர். பதிவேட்டில் இன்றும் விரிவுரையாளர். மற்றவர் ஒளியியல் பொறியாளர். பொறியாளர் இந்த ஊருக்கு வந்து ஒன்பது ஆண்டு ஆகிறது. முதல் ஆறு ஆண்டும் கோடை விடுமுறையில் ஆறு வாரம் நேரில், மற்ற நாளெல்லாம் தொலைபேசியில் என்றே கழிந்தன. பொருள்வயிற் பிரிவை ஒருவர் பாடமாக நடத்திக்கொண்டிருக்க, மற்றவர் அதை வாழ்ந்துகொண்டிருந்தார். பிறகு மூன்று ஆண்டு ஊதியமில்லா விடுப்பு கிடைத்தது. அது வரும் ஜூனில் முடிகிறது. குழந்தைகள் இல்லை, அதைப் பற்றி இங்கு எழுதவும் ஒன்றுமில்லை.

இதைத் தட்டச்சு செய்வது தமிழ் படித்தவர்தான். ஆனாலும் 'நான்' என்று எழுத வரவில்லை. ஏணியின் அடியை ஒருவர் பிடிக்காமல் மற்றவர் ஏற முடியாத வேலைகளைப் பற்றியல்லவா எழுத உட்கார்ந்திருக்கிறோம்.

சனிக்கிழமை வீட்டுக்கு, ஞாயிற்றுக்கிழமை மலைக்கு. இரண்டரை ஆண்டாக இதுதான் எங்கள் வார இறுதி. மலை மருத்துவர் சொன்னதால் வந்தது: பொறியாளருக்குச் சர்க்கரை. வீடு கைக்கு எட்டிய விலையில் கிடைத்ததால் வந்தது. 1950களில் கட்டிய வீடு. சுட்ட மண்கல் சுவர், தட்டையான கூரை, தாழ்ந்த உத்தரம். விற்றவர்கள் சுவர் வெடிப்புகளின் மேல் வண்ணம் அடித்து வைத்திருந்தார்கள். முதல் கோடையிலேயே வண்ணம் உரிந்து வெடிப்புகள் முகம் காட்டின.

ஊரில் என்றால் கொத்தனாரைக் கூப்பிட்டிருப்போம். அவர் இரண்டு நாள் கழித்து வந்து பார்த்துவிட்டு, இது யார் செய்த வேலை என்று முந்தைய கொத்தனாரைத் திட்டிவிட்டு வேலையைத் தொடங்குவார். இங்கே கூலி கட்டுப்படியாகாது. ஆகவே கரண்டியும் ரசமட்டமும் எங்கள் கைக்கு வந்தன. படித்தவன் கையில் சேறு படக்கூடாது என்று பழக்கும் ஒரு சமூகத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். சிமெண்டுப் பூச்சு சுவரில் நிற்பதற்கு முன் சுவரை நனைக்க வேண்டும் என்பதை நாற்பது வயதுக்கு மேல் தெரிந்துகொண்டோம். எங்கள் பள்ளிக்கூடத்தைக் கட்டிய சித்தாள் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதிலேயே அது தெரிந்திருக்கும். உழைப்பின் பெருமையைப் பற்றிக் கட்டுரைப் போட்டி நடத்தும் கல்லூரிகள் மாணவர்களுக்கு ஒரு சுவரையாவது பூசக் கற்றுக்கொடுக்கலாம்.

வேலைகளின் வரிசையை வெயில்தான் தீர்மானிக்கிறது. கூரைக்கு வெள்ளைப் பூச்சு மே மாதத்தில், அதுவும் விடியற்காலை ஐந்து மணிக்கு. பால் போன்ற ஒரு குழம்பை ரோலரால் இரண்டு முறை தேய்த்துவிட்டால் கூரை வெயிலைத் திருப்பி வானத்துக்கே அனுப்பிவிடும். நம் ஊரில் மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பதன் தம்பி முறை. கூரைமேல் இருக்கும் குளிரூட்டும் பெட்டிக்கு மரச்சீவல் திண்டு மாற்றுவது ஏப்ரலில். ஈரத் திண்டின் வழியே காற்றை இழுத்து வீட்டுக்குள் விடும் கருவி அது. வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்துவைப்பார்களே, அதே தத்துவம்தான். ஜூலையில் மழைக்காற்று வந்து ஈரம் ஏறிவிட்டால் பெட்டி பயனற்றுப்போகும். கதவிடுக்குகளை அடைப்பது எல்லாப் பருவத்திலும், ஏனென்றால் தேள். புற ஊதா விளக்கைப் பிடித்தால் இந்த ஊர்த் தேள் பச்சையாக ஒளிரும். பொறியாளருக்கு அது ஒளியியல் வியப்பு. மற்றவர் விளக்கை வாங்கி அணைத்துவிட்டு, தெரியாமல் இருப்பதே நல்லது என்றார்.

எங்களை முழுவதுமாக ஆட்கொண்ட வேலை தோட்டத்தில்தான் நடந்தது. அதைத் தோட்டம் என்பதும் உபசாரம். சரளை பரப்பிய வெற்றிடம். கூரையில் விழும் மழையைத் தொட்டியிலும் மிச்சத்தை மண்ணிலும் பிடித்துவைக்க வேண்டும் என்பது திட்டம். டூசான் நகரம் இதில் பெயர்பெற்றது. இங்கே பிராட் லான்காஸ்டர் என்பவர் தம் வீட்டு வாசலில் சாலையோரத்துக் கான்கிரீட் விளிம்பை அனுமதியில்லாமலே அறுத்து, வீதியில் ஓடி வீணாகும் நீரை மரக்குழிக்குள் திருப்பினார். பின்னர் நகராட்சி அதற்கென்றே அனுமதி முறை வகுத்தது. அவர் தமக்கு ஆசானாகச் சொல்வது ஜிம்பாப்வே நாட்டு விவசாயி ஒருவரை. 2008இல் நகரமன்றம், புதிதாக எழும் வணிகக் கட்டடங்கள் தம் தோட்டத்து நீர்த் தேவையில் பாதியை மழையிலிருந்தே பெற வேண்டும் என்று விதித்தது. தமிழகம் 2003லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டது என்பதை இங்குள்ளவர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறோம். மண் மூடிப்போன குழிகளையும், எங்கும் போய்ச் சேராத குழாய்களையும் பற்றிச் சொல்லவில்லை. வெளியூரில் அந்த அளவுக்குச் சொந்த ஊரை விட்டுக்கொடுக்காமல் இருக்கலாம்.

தொட்டிக்கு மானியம் பெற வேண்டுமானால் ஒரு வகுப்பில் உட்கார வேண்டும். போனோம். நிலத்தின் மட்டம் பார்க்கும் எளிய கருவி என்று ஒன்றைக் காட்டினார்கள்: தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய், இரு முனையும் இரண்டு குச்சிகளில் கட்டியது. எங்கள் ஊர்க் கொத்தனார்கள் தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டு போகும் டியூப் லெவல்! நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அடுத்து, குழியின் கரையில் ஓரிடத்தைச் சற்றுத் தாழ்த்திக் கல் பாவிவிட வேண்டும், மிகுந்த நீர் கரையை உடைக்காமல் அதன் வழியே வெளியேறும் என்றார்கள். அதற்கு ஆங்கிலத்தில் நீண்டதொரு தொடரைச் சொன்னார்கள். தமிழில் அதற்கு ஒரே சொல், கலுங்கு. வரத்துக்கால், மடை, கலுங்கு ஆகிய மூன்றும் சேர்ந்தால் கண்மாய். நாங்கள் வெட்டப் போவது வீட்டுக்குள் ஒரு கண்மாய் என்பது அப்போது துலங்கியது.

வெட்டுவது எளிதாக இல்லை. ஒன்றரை அடிக்குக் கீழே மண்வெட்டி 'ணங்' என்றது. வெள்ளை வெளேரென்று, சுண்ணாம்பும் சரளையும் இறுகிய பாறை. இந்த ஊரில் காலீச்சி என்கிறார்கள். நாங்கள் சுக்கான் பாறை என்றோம். மழை குறைந்த நிலத்தில் நீர் ஆழம்வரை இறங்காது. பாதி வழியிலேயே வற்றி, கரைந்து வந்த சுண்ணத்தை அங்கேயே விட்டுவிடும். பல்லாயிரம் ஆண்டு அப்படி விட்டதெல்லாம் சேர்ந்து கல்லாகிவிடுகிறது. நான்கு சனிக்கிழமைகள் கடப்பாரையால் இடித்தோம். முதல்நாள் இரவு தண்ணீர் ஊற்றி ஊறவைத்தால் மறுநாள் சற்றே இளகும். ஒருவர் இடிக்க மற்றவர் அள்ள, பேச்சே இல்லாமல் வேலை நடந்தது. இடையில் ஒருமுறை, "ஏங்க, நாம வீட்டுக்கு வேலை செய்யறோமா, இல்ல பேசாம இருக்கறதுக்கு வேலை செய்யறோமா?" என்று ஒரு கேள்வி எழுந்தது. பதிலாக இன்னும் ஐந்தாறு இடி விழுந்தது.

அந்த ஜூலையில் முதல் மழை வந்தது. வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வாசனை வந்துவிட்டது. கிரியோசோட் என்னும் புதர் இங்கு எங்கும் இருக்கிறது. அதன் இலைப்பிசினில் ஈரம் பட்டால் எழும் வாசம்தான் இந்த ஊர்க்காரர்களுக்கு மழையின் வாசம். நம் மண்வாசனையைப் போல இனிமையானதன்று. கொஞ்சம் தார், கொஞ்சம் மருந்துக்கடை. முதல் ஆண்டு பிடிக்கவில்லை. இப்போது அதற்காகக் காத்திருக்கிறோம். மழை அரை மணி நேரம் அடித்து ஓய்ந்தது. 1,400 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் 3,300 லிட்டர் நீர் விழும் என்று பொறியாளர் முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தார். 5,600 லிட்டர்த் தொட்டி, அன்று பாதிக்குச் சற்றுக் கீழே நின்றது. குழி நிறைந்து, கலுங்கு வழியே ஒரு விரற்கடை நீர் வெளியேறியதை நனைந்தபடி நின்று பார்த்தோம். சொந்த வீடு என்ற எண்ணம் பத்திரம் பதிந்த அன்று வரவில்லை, அன்றுதான் வந்தது.

இந்த மழையை நம்புவதற்கில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2020ஆம் ஆண்டின் மழைப்பருவம் முழுவதற்கும் டூசானில் பெய்தது 1.62 அங்குலம், அடுத்த ஆண்டு அதே பருவத்தில் 12.79 அங்குலம். இரண்டையும் பொறியாளர் தனியாக இருந்து பார்த்தார். மற்றவர் அந்த இரண்டு மழையையும் தொலைபேசியில் கேட்டார்.

குழிக்குள் என்ன மரம் வைப்பது என்ற கேள்வி வந்தபோது நாற்றுப்பண்ணைக்காரர் தயங்காமல் மெஸ்கீட் என்றார். சிறு இலை, கோணல் கிளை, முள், மஞ்சள் பூ, நீண்ட நெற்று. பார்த்ததும் இருவருக்கும் சிரிப்பு வந்தது. சீமைக் கருவேலம்! அதே இனமன்று, உடன்பிறந்த இனம். நம் ஊர்ச் சீமைக் கருவேலமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து 1870களில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டதுதான். எங்கள் கண்மாய்களை விழுங்கிய மரம் அது. மடையையும் கலுங்கையும் அதன் புதருக்குள் தேட வேண்டியிருக்கும். 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றை அகற்றும்படி ஆணையிட்டது. வெட்ட வெட்டத் தளிர்க்கிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு அதன் கரிமூட்டம்தான் கஞ்சி ஊற்றியது என்பதால் முழுமனதோடு வையவும் முடியவில்லை.

இங்கே அதன் உறவுக்காரருக்கு இருக்கும் மரியாதையைப் பார்க்க வேண்டும். தொஹோனோ ஓதாம் மக்கள் இதன் நெற்றை இடித்து மாவாக்கி உண்டு வாழ்ந்தவர்கள். 2015இல் யுனெஸ்கோ, டூசானைச் சுவைமிகு உணவு நகரங்களின் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்க நகரங்களில் அதுவே முதல். இப்பாலைவனத்தின் தொன்மையான உணவுகள் அதற்கு முக்கியமான காரணம். பக்கத்து வீட்டு முதியவர் தம் மரத்து நெற்றை அரைத்த மாவு ஒரு டப்பா தந்தார். கேழ்வரகோடு கலந்து அடை தட்டினோம். வெல்லம் சேர்க்காமலே இனித்தது. ஊரில் ஆடு தின்னும் நெற்றை நாங்கள் அடை தட்டித் தின்கிறோம் என்று தொலைபேசியில் சொன்னபோது அம்மா நெடுநேரம் பேசவில்லை.

டூசானுக்கு அருகே ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில் மெஸ்கீட்டின் உயிருள்ள வேரை 50 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கண்டதாக 1963இல் ஒரு தாவரவியலாளர் எழுதியிருக்கிறார். எங்களுடைய மரம் இடுப்பளவு இருந்தது. நட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை மலை டுமமோக். ஓதாம் மொழியில் கொம்புப் பல்லியைக் குறிக்கும் பெயராம். ஊரின் மேற்கே நிற்கும் கருங்கல் குன்று. உச்சிவரை இரண்டரை கிலோமீட்டருக்குத் தார்ச்சாலை. ஏற்றம் இருநூறு மீட்டருக்குச் சற்று மேல். வண்டிகளுக்கு அனுமதியில்லை, நடப்பவர்கள் மட்டும். ஜூன் மாதத்தில் இருள் பிரிவதற்குள் கிளம்பிவிடுவோம். செவிலியர், மாணவர், கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளும் தாய், முழங்காலுக்குப் பட்டை கட்டிய கிழவர் எனப் பழனிமலைப் படியைப் போல எல்லாரும் ஏறுவார்கள். ஏறும்போது எங்களுக்குப் பேச மூச்சு இருப்பதில்லை. இறங்கும்போதுதான் பேச்சு. பல மாதங்கள் கழித்தே இதைக் கவனித்தோம்: எங்கள் வீட்டில் முக்கியமானவை எல்லாம் டுமமோக்கின் இறக்கத்தில் முடிவானவை.

பாதி வழியில் பழைய கல் கட்டடங்கள் சில இருக்கின்றன. 1903இல் கார்னகி நிறுவனம் அமைத்த பாலைவன ஆய்வுக்கூடம். தண்ணீரில்லாத இடத்தில் செடி எப்படி வாழ்கிறது என்று பார்க்கவே நிறுவப்பட்ட இடம். எஃபி சவுத்வொர்த் ஸ்பால்டிங், அவர் கணவர் வோல்னி ஸ்பால்டிங் இருவரும் இங்கே ஆய்வு செய்தார்கள். சகுவாரோ என்னும் மாபெரும் தூண்கள்ளியின் உடல் மடிப்பு மடிப்பாக இருக்கிறதே, அது ஆர்மோனியத் துருத்தியைப் போல மழைக்குப் பின் விரிந்தும் வறட்சியில் சுருங்கியும் நீரைக் காக்கிறது என்பதை அளந்து 1905இல் கட்டுரை எழுதியவர் எஃபி. அவர்களுக்குப் பின் ஃபாரஸ்ட் ஷ்ரீவ், அவர் மனைவி ஈடித். இருவரும் தாவரவியலாளர்களே. வடக்கே தெரியும் கேட்டலீனா மலைத்தொடரின் உச்சிக்கு லெம்மன் என்று பெயர். 1881இல் தேனிலவுக்கு வந்து, பண்ணைக்காரர் ஒருவரின் துணையோடு கணவரும் தாமுமாக அதன் உச்சியை அடைந்து செடிகளைச் சேகரித்த சாரா லெம்மனின் பெயர் அது.

நமது பாலையிலும் கணவன் மனைவியர் வருவதுண்டு, உடன்போக்கில். ஆனால் அங்கே அவர்கள் கடந்து செல்பவர்கள், தங்குபவர்கள் அல்லர். பின்னால் தேடி வரும் செவிலிக்கு எதிரே வருபவர்கள் ஆறுதல் சொல்வார்கள். மெல்லடி சுரத்தின் பரலில் எப்படிப் பொறுக்குமோ என்று நற்றாய் வீட்டிலிருந்து புலம்புவாள். எழுபத்தெட்டு வயதான அம்மா சங்க இலக்கியம் படித்தவர் அல்லர். ஞாயிறுதோறும் தொலைபேசியில் அவர் கேட்கும் முதல் கேள்வி, "கால்ல நல்ல செருப்புப் போட்டுக்கிட்டுத்தானே தாயி மலை ஏறுற?" மருமகனுக்குத் தனிக் கேள்வி: "மாப்பிள்ளை, பாம்பு கீம்பு கெடக்குமாமே, பாத்துக் கூட்டிட்டுப் போங்க." சந்திரத்தில் கால் வைத்த நாட்டில் பாம்பு எதற்கு என்பது அவர் வாதம்.

ஓர் இலக்கண ஐயத்தையும் இந்த நடைகள் தீர்த்துவைத்தன. சங்கப் பாடல்களின் கள்ளியைப் பற்றிப் பாடம் நடத்தும்போது கரும்பலகையில் வரையப்படுவது பெரும்பாலும் மேற்கத்தியப் படங்களில் வரும் கள்ளிதான். ஆனால் அந்தக் குடும்பம் ஏறக்குறைய முழுவதும் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. நம் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் வேறு குடும்பம். கிள்ளினால் பால் வடியும். சப்பாத்திக்கள்ளி கம்பெனிக் காலத்து வரவு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிவப்புச் சாயம் தரும் பூச்சியை வளர்ப்பதற்காகச் சென்னையில் பயிரிட்டுப் பார்த்தார்கள். வறட்சி ஒன்றாக இருந்ததால், உறவில்லாத இரு குடும்பங்கள் ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இந்த ஊர்க் கள்ளிகளில் சோயா என்று ஒன்று உண்டு. பக்கத்தில் போனாலே துண்டு துண்டாக ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் கையில் ஏறும். அதற்காகவே நடைப்பையில் ஒரு சீப்பு வைத்திருக்கிறோம்; முதல் ஆண்டு அந்தச் சீப்பு ஒருவர் காலை மற்றவர் பிடித்துக்கொள்ளும் வேலையில் அடிக்கடி பயன்பட்டது.

லெம்மன் மலைக்கு வண்டியில் ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகும். அடியில் சகுவாரோ, உச்சியில் ஊசியிலைக் காடு, குளிர். பாலையிலிருந்து குறிஞ்சிக்கு ஒரே சாலை. 2020 ஜூனில் மின்னல் விழுந்து பற்றிய தீ இந்த மலைத்தொடரில் 1,19,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. கருகிய சரிவுகள் இன்றும் தெரிகின்றன. சிலப்பதிகாரத்தின் விளக்கத்தை வகுப்பில் சொல்லும்போது அது அழகான கற்பனை என்ற தொனியிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. இளங்கோவடிகள் வேனிலில் காடு எரிவதைக் கண்ணால் கண்டிருப்பார் என்றே இப்போது தோன்றுகிறது.

விடுப்பை இனி நீட்டிக்க இயலாது என்று ஜனவரியில் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. விதி அது, குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்று ஞாயிறுகள் அதைப் பற்றிப் பேசாமலே இறங்கினோம். நான்காவது ஞாயிறு பேசினோம். வேலையை விட்டுவிடலாம் என்பது முதல் யோசனை. ஆனால் பதினாறு ஆண்டுப் பாடம் வெறும் சம்பளமன்று. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்குக் கலித்தொகையைக் கையில் எடுத்துக் கொடுப்பது அது. அம்மாவும் இருக்கிறார். பொறியாளர் திரும்பிவிடலாம் என்பது இரண்டாவது யோசனை. அவர் வேலை தொலைநோக்கிக் கண்ணாடியில். சிலி நாட்டு மலையொன்றில் அமையும் மாபெரும் மகல்லன் தொலைநோக்கிக்கு 8.4 மீட்டர் விட்டத்தில் ஏழு கண்ணாடிகள் இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் வார்க்கப்பட்டன. ஏழாவதும் கடைசியுமானது 2023 அக்டோபரில் வார்க்கப்பட்டது. வார்ப்பது மாதக் கணக்கு, மெருகேற்றுவது ஆண்டுக் கணக்கு. பாதியில் விட்டு வர அவருக்கு மனமில்லை, விடச் சொல்ல எங்களில் மற்றவருக்கும் மனமில்லை. கண்ணாடி முடியட்டும் என்பது முடிவாயிற்று. பழைய பாடல்களில் வினை முற்றும்வரை பிரிவார்கள். பிரிபவர் சுரம் கடந்து போவார், மற்றவர் வீட்டில் இருப்பார். எங்களுக்கு வீடே சுரத்தில் இருக்கிறது. வீட்டைவிட்டுப் புறப்படுபவர் மருத நிலத்துக்குப் போகிறார். இதை எந்தத் துறையில் சேர்ப்பது என்று இலக்கண ஆசிரியர்கள் யாராவது சொன்னால் நல்லது.

அன்றுமுதல் சனிக்கிழமை வேலைகளின் நிறம் மாறிவிட்டது. எதைத் தொட்டாலும் இது யாருக்கு என்ற கேள்வி கூடவே வருகிறது. குளியலறை ஓடு தனி ஆளுக்கு எதற்கு, அப்படியே இருக்கட்டும் என்றார் அவர். பிறகு விற்கும்போது விலை வரும் என்று செய்யத் தொடங்கினோம். இரண்டு வாரங்களுக்கு முன் சமையலறைச் சுவரில் மசாலா டப்பாக்களுக்குத் தட்டு பொருத்தினோம். ரசமட்டம் வைத்துப் பென்சிலால் கோடு போடும்போது, எந்த உயரத்தில் என்று கேட்டார்.

"உங்களுக்கு எட்டற உயரத்துல வைங்க. நீங்கதானே எடுக்கப் போறீங்க."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. டிரில்லை எடுத்துக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே துளையிட்டார். தட்டு இப்போது அங்கேதான் இருக்கிறது. அவர் சற்றுக் குனிந்துதான் பெருங்காயத்தை எடுக்க வேண்டியிருக்கிறது.

தொட்டி வால்வுகளில் எது எப்போது திறக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டியாகிவிட்டது. மழைக்கு முன் கூரைத் தூம்பில் சேரும் இலையை அள்ள வேண்டும். கலுங்கில் இரண்டு கல் புரண்டுகிடக்கின்றன. வரும் சனிக்கிழமை அவற்றைச் சரிசெய்ய வேண்டும். மெஸ்கீட் இப்போது தலைக்கு மேல் ஒரு முழம் வளர்ந்திருக்கிறது. முதல் இரண்டு கோடைக்கு மட்டும் வாரத்துக்கு ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள், பிறகு அதுவே பார்த்துக்கொள்ளும் என்று நாற்றுப்பண்ணைக்காரர் சொல்லியிருந்தார். ஒரு கோடை முடிந்திருக்கிறது.